பிடில் வித்துவானும் அவர்தம் மாணாக்கரும்

கலைகள் நிலைபெறுதற்கு இருவகையார் வேண்டும். சுவைத்துக் கேட்போர் ஒரு வகையார். முயன்று கற்போர் மற்றொரு வகையார். கேட்போரில்லாத கலை வறுமையுறும். கற்போரில்லாத கலையோ இறந்தே போம். இவ்வுண்மை எல்லார்க்கும் உடன்பாடே. ஆயினும் ஒரு சங்கீத வித்துவானுடைய பெருமையை அளவிடப் புகுங்கால், அவர் எத்துணைச் சபைகளில் வாசித்தார், என்னென்ன பட்டங்கள் பெற்றார், எந்தெந்த நாடுகட்குச் சென்று மீண்டார் என்று எண்ணுகின்றோமேயன்றி, எத்துணை மாணாக்கரை ஆக்கினார் என்று வினவுவாரைக் காண்டல் அரிதாயிருக்கின்றது. மேடைக்கு மாலையும் பொன்னாடையும் உண்டு. நாடோறும் பாடஞ் சொல்லும் கூடத்திற்கு அவை இல்லை. மேடையே தொழில், போதனை பிழைப்பு என்று கருதுவாரும் நம்மிற் பலர். இக்கருத்துப் பிழையென்பதும், இதனாற் கலைக்கே கேடு விளையும் என்பதும் நாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்த பொருளாகும். இதற்குச் சான்றாகப் பிடில் என்று நம் முன்னோர் வழங்கிய வயலின் வாத்தியத்தையும், அதனைக் கையாண்ட பெரியார் சிலருடைய வாழ்க்கையையும் எடுத்துக்கொள்வோம்.

பிடிலின் கதைக்குமுன் நம் பக்கத்தில் உள்ள ஒரு பழைய கோயிலைப்பற்றிச் சில சொல்லுதல் பொருந்தும். செஞ்சிக் கோட்டைக்கு வடபால், தேசூரை அடுத்துச் சீயமங்கலம் என்னும் சிற்றூர் உள்ளது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன், அவ்வூர்ப் பாறையைக் குடைந்து ஒரு கோயில் எடுத்தான். அவனிபாஜன பல்லவேசுவரம் என்று அதற்குப் பெயரிட்டதனை அங்குள்ள கல்வெட்டே கூறும். அக்கோயில் தூணின் மேற்புறத்தே ஆடுகின்ற சிவபெருமான் திருவுருவம் செதுக்கப்பட்டிருக்கின்றது. தமிழ்நாட்டுக் கல்லில் அமைந்த ஆடல்வல்லான் வடிவங்களுள் அது மிகப் பழையனவற்றுள் ஒன்று என்பர் ஆராய்ச்சியாளர். அம்மன்னன் ஓவியமும் நாடகமும் இசையும் ஒருங்கே பயின்றவன். மத்தவிலாசம் என்னும் நகைச்சுவை நாடகத்தை இயற்றியவன். சங்கீர்ணஜாதி என்னும் அவனது விருதுப்பெயர் அவனுடைய தாளப் புலமையைக் குறிப்பது என்று கருதப்படுகின்றது. அவன் செதுக்குவித்த ஆடற்கோலம் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அழியாதிருக்கின்றது. அவன் காலத்து இசையோ? ஒரு சுரமேனும் நம் செவிக்கு எட்டுமாறில்லை. கல் நின்றது, ஒலி காற்றொடு கலந்து போயிற்று.

ஒலியையும் கல்லில் எழுதிவைத்திருக்கலாகாதோ எனின், அதுவும் நம் நாட்டிற் செய்யப்பட்டதே. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், ஏழு பகுதிகளாகச் சுரக்கோவைகளைப் பொறித்த பெரிய கல்வெட்டு ஒன்று உள்ளது. அதனை மகேந்திரவர்மனுடையது என்று முன்னோர் சிலர் கொண்டனர். பின்வந்தோருள் அதனை மறுத்துக் காலத்தைப் பின்தள்ளுவாரும் உளர். அவ்வழக்கு நிற்க. அக்கல்வெட்டின் இறுதியிற் காணும் செய்தியே நமக்கு வேண்டுவது. உருத்திராசாரியரின் மாணாக்கனாகிய அரசன் ஒருவன், கற்கும் மாணாக்கரின் நலங்கருதி இதனைச் செய்தான் என்பது அச்செய்தி. மன்னன் தன் ஆசிரியரையும் தனக்குப் பின்வரும் மாணாக்கரையும் ஒருசேர நினைந்தமை எத்துணைச் சிறப்புடைத்து! எனினும் இன்று நிகழ்ந்திருப்பது யாது? எழுத்துக்கள் தெளிவாக உள்ளன. அறிஞர் அவற்றைப் படித்து அச்சிட்டும் உள்ளனர். ஆனால் அச்சுரங்களை அன்று எவ்வாறு இசைத்தனர் என்று உறுதியாக இசைத்துக் காட்டுவார் ஒருவருமிலர். ஆசிரியர் மாணாக்கர் என்னும் தொடர்ச்சி இடையே அற்றுப்போனமையின், கல்லிலுள்ள இசை ஊமையாயிற்று. இசைக்குக் கருவூலம் ஏடன்று, கல்லன்று, மாணாக்கனே என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

இனிப் பிடிலின் வரலாற்றிற்கு வருவோம். செஞ்சிக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் 1750-ஆம் ஆண்டிற் கைப்பற்றினர். 1761-இல் அஃது ஆங்கிலேயர் வசமாயிற்று. பீரங்கியோடு நம் கடற்கரையில் வந்திறங்கிய அவ்வைரோப்பிய இனத்தார், தம் விருந்துகளுக்கும் அணிவகுப்புகளுக்குமாகக் கொண்டுவந்த இசைக்கருவிகளுள் வயலினும் ஒன்று. பீரங்கிகள் ஓய்ந்தன. கோட்டை பாழாயிற்று. வயலினோ நம் வீட்டுப் பிள்ளையாய்த் தங்கிவிட்டது. அதனை அவ்வாறு தங்கச் செய்தவர் யாவர்? முத்துசாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசாமி தீட்சிதர் (1786–1858) முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர். அக்குடும்பத்தார் சென்னையை அடுத்த மணலியில் முதலியார் மரபினரின் ஆதரவில் வாழ்ந்த காலத்து, பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பிய வாத்தியக்காரர் ஒருவரிடம் அக்கருவியைப் பயின்று, நம் இராகங்களை அதில் இசைக்கும் வழி கண்டனர். பின்னர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாய் விளங்கினர். தஞ்சை நால்வருள் இளையவரும் முத்துசாமி தீட்சிதரின் மாணாக்கருமான வடிவேலு (1810–1845) அக்கருவியில் மிக்க தேர்ச்சியுற்று, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடம் 1834-இல் தந்தத்தாலாகிய பிடில் ஒன்றைப் பரிசிலாகப் பெற்றனர்.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. மொழியாலும் வேறுபட்ட ஓர் அயல்நாட்டார் கற்பித்தார். ஒரு தமிழ் இளைஞர் பணிந்து கற்றார். கற்றதனைத் தம் நாட்டு மரபிற்கேற்ப மாற்றினார். ஐரோப்பியர் நின்றுகொண்டு கருவியை மோவாயின்கீழ் இடுக்கி வாசிப்பர். நம்மவர் தரையிற் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் அடியை மார்பிலும் தோளிலும் பொருத்தி, தலைப்பை வலக்கால் பரட்டின்மேல் ஊன்றி வாசிப்பாராயினர். கருவி இவ்வாறு இருபுறமும் ஊன்றி நிற்பதால், அதனைத் தாங்கும் கவலை இடக்கைக்கு இல்லை; விரல்கள் தந்தியின்மேல் தடையின்றி ஏறியும் இறங்கியும் வழுக்கியும் அசைந்தும் கமகங்களைப் பிறப்பிக்கலாயின. நான்கு தந்திகளையும் மேனாட்டுச் சுருதிமுறையினின்று மாற்றி, மந்தர சட்சம், மந்தர பஞ்சமம், மத்திய சட்சம், மத்திய பஞ்சமம் எனக் கூட்டினர். வீணையிற்போல் மெட்டுக்கள் இன்மையும், வில்லின் இழுப்பால் ஒலி இடையறாது நீளுதலும், மிடற்றிசையின் நிழல்போலத் தொடர்வதற்கு அக்கருவியைத் தகுதியுடையதாக்கின. இம்மாற்றங்கள் எந்நூலிலும் முதலில் எழுதப்படவில்லை. ஒருவர் விரலைப் பார்த்து மற்றொருவர் விரல் கற்றது. அவர் விரலைப் பார்த்து அடுத்தவர் விரல் கற்றது. இவ்வாறே அயலார் கருவி ஒரு நூற்றாண்டிற்குள் கச்சேரிக்கு இன்றியமையாததாயிற்று. ஆகலின், பிடில் நம்முடையதாயது போதனையினாலேயேயன்றிப் பிறிதொன்றானும் அன்று.

இனி, அவ்வாத்தியக்காரரின் மேடை வாழ்வு எத்தகையது என்பதனைச் சிறிது ஆராய்வோம். பெரும்பாலான பிடில் வித்துவான்கள் பக்கவாத்தியக்காரராகவே தம் வாழ்நாளைக் கழிக்கின்றனர். பாடகர் எந்த இராகத்தை எடுப்பார், எக்கீர்த்தனத்தைப் பாடுவார், நிரவலுக்கு எவ்வடியைக் கொள்வார் என்று முன்னரே அறியும் வாய்ப்பு அவர்க்குப் பெரும்பாலும் இல்லை. ஆலாபனையின்போது பாடகரை அடியொற்றிச் செல்லல் வேண்டும். தமக்குரிய முறை வரும்போது, பாடகர் காட்டிய வழியினின்று விலகாமலும் அவர் சொன்னதனையே திரும்பச் சொல்லாமலும் தம் கற்பனையைக் காட்டல் வேண்டும். சுரம் பாடுங்கால் கேள்விக்கு விடை போல உடனுக்குடன் இறுத்தல் வேண்டும். குறைந்தால் திறனிலர் என்பர். மிகுந்தால் பாடகரை மிஞ்சினர் என்பர். இத்துணை நுண்ணிய பணி செய்தும், அறிவிப்பிற் பெயர் சிறிய எழுத்தில் வரும். சம்பாவனையும் பாடகரினும் குறைவே. அன்றியும், இவ்வாழ்வு உடலின் வலிமையைச் சார்ந்தது. விரல் நடுங்கவோ தோள் நோவவோ தொடங்கின், மேடையும் மெல்ல விலகிப்போம். இரவு கேட்ட கச்சேரி விடிந்தபின் கேட்டவர் நினைவில் மட்டுமே வாழும். ஒலிப்பதிவுகள் உளவே எனின், பதிவு பாடத்திற்குத் துணையாகுமேயன்றிப் பாடமாகாது. பதிவு பிழையைத் திருத்தாது. கேட்டவன் கையைப் பற்றி, இவ்விரலை இத்துணை அழுத்து, இவ்வில்லை இவ்விடத்தில் தளர்த்து என்று சொல்லாது.

மேடையும் போதனையும் ஒன்றுக்கொன்று பகையென்று சிலர் எண்ணுவர். நாள்முழுதும் சரளிவரிசையும் சண்டவரிசையும் சொல்லிக்கொடுப்பார்க்குத் தம் சாதகத்திற்குப் பொழுதேது என்பது அவர் வினா. இவ்வினாவிற்கு விடையாகத் துவாரம் வேங்கடசாமி நாயுடு அவர்களின் வாழ்க்கையை எடுத்துக் காட்டுவோம். 1893-இல் பெங்களூரிற் பிறந்து விசாகப்பட்டினத்தில் வளர்ந்த அப்பெரியார்க்கு இளமையிலேயே கண்பார்வை குறைவு. தமையனாரிடம் பிடில் பயின்றனர். விஜயநகரத்தில் மகாராஜா சங்கீதக் கல்லூரி 1919-இல் தொடங்கியபோது, இருபத்தாறு வயதினராகிய அவர் அங்குப் பிடில் ஆசிரியராயினர். 1936-இல் அக்கல்லூரியின் தலைவரும் ஆயினர். இவ்வாறு பல்லாண்டு வகுப்பறையிற் கழித்தவர், மேடையில் தாழ்ந்தனரோ? பக்கவாத்தியமாகவே கருதப்பட்டு வந்த பிடிலைத் தனிக்கச்சேரிக்கு உரிய கருவியாக நிலைநாட்டியோருள் அவரே முதன்மையானவர். சென்னை மியூசிக் அகாடமி 1941-இல் அவர்க்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது; 1957-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. மேனாட்டுப் பிடில் மேதையாகிய யெஹுதி மெனுஹின் 1952-இல் இந்தியாவுக்கு வந்தபொழுது அவர் வாசிப்பைக் கேட்டுப் பெரிதும் வியந்தனர். 1964-இல் அவர் மறைந்தபோது, அவர்தம் வில்லின் இனிமை அவர் மாணாக்கர் கைகளில் இருந்தது.

போதனை அவருடைய வாசிப்பைக் குறைக்கவில்லை என்பது மட்டுமன்று; வளர்த்தது என்றும் கூறுவோம். அது எவ்வாறெனின், தாமே இயல்பாகச் செய்வதொன்றைப் பிறர்க்குச் சொல்லிக்கொடுக்க முயலும்போதுதான் அஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதனை வித்துவான் ஆராயத் தொடங்குகின்றார். வில்லின் எப்பகுதியால் இழுத்தால் நாதம் தடிக்கும், எவ்வேகத்தில் மெலியும், எவ்விடத்தில் திருப்பினால் சாகித்தியத்தின் சொல் சிதையாது நிற்கும் என்று மாணாக்கனுக்கு விளக்கும் ஆசிரியர், அன்று மாலை தம் வில்லை எடுக்கும்போது அதனை முன்னினும் தெளிந்த கண்ணோடு காண்கின்றார். தொடக்கநிலை மாணாக்கனின் பிழை ஒவ்வொன்றும் ஆசிரியர்க்கு ஒரு வினாவாகும். அவ்வினாக்களுக்கு விடை தேடியவர்தம் வாசிப்பில் ஐயத்திற்கு இடமான இசை ஒன்றும் இராது.

மற்றோர் எடுத்துக்காட்டினைக் காண்போம். கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையைச் சார்ந்த நாராயணையர் என்பார் தம் மக்கள் இருவர்க்குப் பிடில் கற்பித்தார். மகனார் டி. என். கிருஷ்ணன் 1928-இற் பிறந்தவர். பதினொன்றாம் வயதை ஒட்டியே மேடையேறியவர். 1942-இல் சென்னைக்கு வந்து, அரியக்குடி இராமானுச ஐயங்கார், செம்மங்குடி சீனிவாச ஐயர் முதலிய பெருவித்துவான்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் புகழ்பெற்றவர். அவரும் மேடையோடு அமையவில்லை. சென்னை அரசினர் இசைக்கல்லூரியில் பேராசிரியராகவும் தலைவராகவும் பணிபுரிந்து, பின்னர்த் தில்லிப் பல்கலைக்கழகத்து இசை, நுண்கலைப் பிரிவின் தலைமையையும் ஏற்றனர். 1980-இல் சங்கீத கலாநிதி விருதும் 1992-இல் பத்மபூஷண் விருதும் பெற்றனர். முதுமையினும் வில்லை விடாத அவர் 2020-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2-ஆம் நாள் தொண்ணூற்றிரண்டாம் வயதிற் காலமாயினர். அவர்தம் தங்கையார் என். இராஜம் அம்மையார் 1938-இற் பிறந்தவர். தந்தையாரிடம் கருநாடக இசை பயின்றபின் வடநாட்டு இசையை மேற்கொண்டு, ஓங்கார்நாத் தாகூரிடம் பயின்று, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ நாற்பதாண்டு ஆசிரியப் பணி ஆற்றினர். வடநாட்டு மிடற்றிசையின் நெளிவுகளைப் பிடிலில் அவ்வாறே இசைக்கும் பாணியை வகுத்து, 2004-இல் பத்மபூஷண் விருது பெற்றனர்.

நாராயணையரின் பெயரை இன்று அறிவார் சிலரே. அவர்தம் மகனார் கருநாடக இசைக்கும் மகளார் வடநாட்டு இசைக்கும் தூண்களாயினர். அவ்விருவரும் பல்கலைக்கழகங்களில் அமர்ந்து, நாட்டின் பல திசைகளினின்றும் வந்த மாணாக்கர்க்கு அக்கல்வியை ஈந்தனர். ஓர் வீட்டுக் கூடத்தில் விதைத்த விதை இரண்டு பெருமரங்களாய்ப் பரந்த செய்தி இது. மேடைக் கணக்கினால் மட்டும் அளந்தால் அத்தந்தையார்க்குக் கணக்கில் இடமேயில்லை. இத்தகைய அளவுகோல் கோணலானது என்பதற்கு வேறு சான்று எதற்கு?

கல்லூரிப் போதனையினும் குருகுலமே சிறந்தது என்று கூறுவாரும் உளர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. இலால்குடி ஜெயராமன் (1930–2013) அவர்கள் தியாகராச சுவாமிகளின் சீடர் மரபில் வந்த குடும்பத்தினர். தந்தையார் கோபாலையரிடமே கற்றவர். எக்கல்லூரி வகுப்பும் தராத நுட்பத்தைத் தம் இல்லத்திலேயே பெற்றவர். தாமும் அவ்வாறே தம் மக்களுக்கும் பிறர்க்கும் பயிற்றினர். அவரிடம் பயின்றோருள் பிடில் வாசிப்போர் மட்டுமல்லர், பாடுவோரும் இருந்தனர். 2023-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற பம்பாய் ஜெயஸ்ரீ அவர்கள் அவருடைய மாணாக்கியரே. நல்ல பிடில் ஆசிரியர் கற்பிப்பது கருவியை மட்டுமன்று, சங்கீதத்தையே என்பது இதனாற் பெறப்படும். இன்னுமொருவர், எம். சந்திரசேகரன் அவர்கள். 1937-இற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கண்ணொளி இழந்த அவர்க்கு அன்னையார் சாருபாலா மோகன் அம்மையாரே பிடில் ஆசிரியர். அன்னையின் பாடத்தால் வளர்ந்த அம்மைந்தர் 2005-இல் சங்கீத கலாநிதி ஆயினர். அவரிடமும் பயின்ற அ. கன்னியாகுமரி அம்மையார், எம். எல். வசந்தகுமாரி அம்மையார்க்குப் பல்லாண்டு பக்கவாத்தியம் வாசித்து, 2016-இல் அதே விருதினை எய்தினர். அன்னையினின்று மகனுக்கும், மகனினின்று மாணாக்கியர்க்கும் சென்ற செல்வம் இஃது.

ஆயினும், குருகுலத்தை மட்டும் நம்பியிருத்தல் இக்காலத்திற்குப் போதாது என்பதே நம் கருத்து. குருவின் வீட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பணிவிடை செய்து கற்றல் எல்லார்க்கும் இயல்வதன்று. சங்கீதக் குடும்பத்திற் பிறவாதாரும், ஏழைகளும், தொலைவூரினரும் அவ்வாயிலை எளிதில் நெருங்கமாட்டார். கல்லூரியும் இசைப்பள்ளியுமே அவர்க்குத் திறந்த வாயில்கள். கல்லூரிகள் பட்டதாரிகளைத் தருகின்றனவேயன்றி வித்துவான்களைத் தரவில்லை என்னும் குறையும் நாம் கேளாததன்று. அக்குறைக்கு மருந்து கல்லூரியை இகழ்தலன்று. மேடையிற் சிறந்த வித்துவான்களை அவ்வகுப்பறைக்குக் கொண்டுவருதலே. துவாரம் நாயுடுவும் கிருஷ்ணனும் இராஜம் அம்மையாரும் அமர்ந்த நாற்காலிகளில் அத்தகையோர் தொடர்ந்து அமர்வாராயின், பட்டதாரி வேறு வித்துவான் வேறு என்னும் பிரிவே எழாது.

மேடையில் ஓய்வின்றிச் சுழலும் வித்துவான் வகுப்பைப் புறக்கணிப்பாரே என்பது மற்றொரு தடை. இதுவும் பொய்யன்று. மார்கழியில் ஆசிரியர் சபைகளிலும், மாணாக்கர் வெறும் வகுப்பறையிலும் இருத்தல் நன்றன்று. ஆனால் இதனைச் சீர்செய்ய வழியுண்டு. கச்சேரிக் காலத்தையும் பாடக் காலத்தையும் முன்னரே வகுத்துக்கொள்ளலாம்; முதிர்ந்த மாணாக்கரை உடனழைத்துச் சென்று மேடையின் பின்னே அமர்த்தி, அங்கு நிகழ்வதனையே பாடமாக்கலாம். பாடகரின் குறிப்பறிந்து வாசிக்கும் கலையை வேறெங்குக் கற்பது? கற்பிக்கும் மனமிருப்பின் மேடையும் வகுப்பறையே ஆகும்.

இனி நம் பக்கத்து நிலைமையை எண்ணுவோம். செஞ்சிக்குச் சுற்றுப்புறத்திலும் சீயமங்கலம் போன்ற சிற்றூர்களிலும் பிறந்த ஒரு சிறுவன் அல்லது சிறுமிக்குப் பிடிலில் விருப்பம் உண்டாயின், எங்கே செல்வது? விழுப்புரத்திலும் திருவண்ணாமலையிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் உள்ளன. அங்கு மிடற்றிசை, தேவாரம், நாகசுரம், தவில், பரதநாட்டியம், மிருதங்கம் ஆகியவற்றோடு வயலினும் மூன்றாண்டுப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. இவை பெரும்பேறே. எனினும் நாள்தோறும் பேருந்தேறிச் செல்லவியலாத பிள்ளைகள் பலர். சபைகளும் புகழும் சென்னை மாநகரிலேயே செறிந்து கிடத்தலின், திறமுடைய இளைஞர் அங்கே சென்று தங்கிவிடுகின்றனர். சிற்றூர்க்கு மீள்வார் அரியர். இணையவழியே கடல்கடந்த தமிழர் மக்கட்குப் பாடஞ் சொல்லும் வித்துவான்கள் இந்நாளிற் பலர். அயல்நாட்டில் வாழும் நம்மவர் இசையை மறவாதிருத்தற்கு அது நற்றுணையே. ஆயினும், ஆயிரங் காதத்திற்கு அப்பாலுள்ள பிள்ளைக்குக் கிடைக்கும் பாடம் அடுத்த ஊர்ப் பிள்ளைக்குக் கிடையாதிருத்தல் நம் மனத்தை வருத்துகின்றது.

ஆதலின் நாம் விரும்புவன சில. சபைகளை நடத்துவோர், மேடை வித்துவானைப் போற்றுமாறு நல்லாசிரியரையும் போற்றுக. விருதளிக்கும் மேடையில் அவர்தம் மாணாக்கரையும் நிறுத்துக. பக்கவாத்தியக்காரர்க்கு உரிய மதிப்பும் ஊதியமும் குறைவறக் கொடுக்க. கச்சேரியால் வயிறு நிறையாதவரே கற்பிக்க வருவர் என்னும் இழிநிலை அதனால் ஒழியும். புகழ்பெற்ற வித்துவான்கள், ஆண்டிற் சில வாரமேனும் தாம் பிறந்த ஊர்ப்பக்கத்தே தங்கி, ஆர்வமுள்ள பிள்ளைகளைத் தேர்ந்து பயிற்றுக. நம் கல்லூரியின் பழைய மாணவருட் செல்வமும் செல்வாக்கும் உடையோர், ஒரு பிள்ளைக்குப் பிடில் வாங்கிக் கொடுத்து, ஓராசிரியர்க்கு மாதவூதியம் அளித்தாலும் அது சிறிய அறமன்று. கச்சேரி நடத்தச் செலவிடும் பொருள் ஓரிரவில் முடிந்துபோம். ஆசிரியர்க்கு அளிக்கும் பொருளோ தலைமுறைக்கு நிற்கும்.

கல்லூரி மாணவராகிய நண்பர்கள், நாங்கள் வித்துவான்கள் ஆகப்போவதில்லையே, எங்கட்கு இதனால் என்ன என்று வினவலாம். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) வாழ்க்கை அவர்க்கு விடை கூறும். அவர் திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியராய் இருந்தவர். பின்னர் மருத்துவராய்ப் பொருளீட்டியவர். இசை அவர்க்குப் பிழைப்பன்று. எனினும், அக்கலையை ஆர்வத்தோடு கற்றமையால், 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவித் தம் செலவிலேயே மாநாடுகள் கூட்டினர்; 1917-இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டனர். கற்றவரெல்லாம் மேடையேற வேண்டுவதில்லை. கற்றவர் நல்ல கேள்வியராவர். கேள்வியர் பலராயின் ஆசிரியர்க்கு மதிப்புண்டாம். ஆசிரியர்க்கு மதிப்புண்டாயின் கலை வாழும்.

வில்லேந்தும் கை ஒருநாள் ஓயும். அக்கை ஓயுமுன் மற்றொரு கையிலே வில்லைக் கொடுத்தவரே தம் தொழிலை முழுமையாகச் செய்தவராவர். நம் நாட்டு வித்துவான்கள் அதனைச் செய்ய முன்வருக. அவ்வாறு செய்வோரைத் தேடிச் சென்று கற்க நம் இளைஞரும் முன்வருக. கற்பிப்பாரும் கற்பாரும் உள்ளளவும் நம் இசைக்குக் குறைவில்லை.